தெரிவு யாருடையது?
கணனி விளையாட்டு மாநாடொன்றில் வெளியாளாக நின்று சில குறிப்புகள்

கணனி விளையாட்டுக்களைப் பற்றி எமது சஞ்சிகைகளில் அநேகமாக எவரும் எழுதுவதில்லை. எழுதினாலும், பிள்ளைகள் படிக்கிறார்களில்லை, கண் பழுதாகிறது, துவக்குச் சண்டை பார்த்துக் கெட்டுப்போகிறார்கள் என்ற முறைப்பாட்டுடன் அது முடிந்துவிடும். நாமும் அந்த முறைப்பாட்டை வருடக்கணக்காகச் சொல்லி வந்தவர்களே. சினிமாவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். நாடகத்துக்குச் சிறப்பிதழ் போடுகிறோம். ஆனால் எமது பிள்ளைகள் பத்து வயதிலிருந்து எந்த வடிவத்துக்குள் கதை கேட்டு வளர்கிறார்களோ, அதைக் கலை என்று ஒப்புக்கொள்ள எமக்கு மனம் வருவதில்லை. 2024 மார்ச் மாதம் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டுக்குப் போக நேர்ந்திராவிட்டால் இந்தக் கட்டுரையும் எழுதப்பட்டிராது.

போக நேர்ந்தது ஒரு மருமகளால். ரொறன்ரோவில் வளர்ந்தவள். ஒரு விளையாட்டு நிறுவனத்தில் ஆறு வருடம் நிரல் எழுதியவள். அந்த வருடம் தை மாதத்தில் வேலை பறிபோனவள். வேலை தேடித்தான் மாநாட்டுக்குப் புறப்பட்டாள். "மாமா, நீங்களும் வாங்கோ. ஒருக்கா வந்து பாத்திட்டுப் பிறகு திட்டுங்கோ" என்றாள். அந்த அழைப்பிலிருந்த நியாயத்தை மறுக்க முடியவில்லை.

இம்மாநாட்டின் பூர்வீகம் எமக்குச் சற்று வியப்பளித்தது. 1988 இல் கிறிஸ் குறோஃபோர்ட் என்ற வடிவமைப்பாளர் கலிபோர்னியாவின் சான் ஹொசே நகரிலுள்ள தமது வீட்டு வரவேற்பறையில் 27 பேரளவில் கூட்டி நடத்திய சந்திப்பே இதன் தொடக்கம். அதே 1988 இல்தான் ஜேர்மனியில் எம்மவரின் இலக்கியச் சந்திப்பும் ஆரம்பித்தது. அங்கும் ஒரு கைப்பிடியளவு மனிதர்கள். அங்கும் தமது தொழிலைப் பற்றி, தமது எழுத்தைப் பற்றித் தம்மைப் போன்றவர்களோடு பேசவேண்டும் என்ற ஒரே தேவை. ஒன்று முப்பதினாயிரம் பேரளவில் கூடும் சந்தையாயிற்று. மற்றது இன்னமும் கதிரைகளை நாமே அடுக்கி, நாமே எடுத்துவைக்கும் நிகழ்வாக இருக்கின்றது. இதில் எது வெற்றி என்று தீர்ப்புச் சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை. வரவேற்பறையில் தொடங்கிய எதுவும் எமக்கு முற்றிலும் அந்நியமானதல்ல என்ற எண்ணத்தோடு உள்ளே போனோம் என்பதைச் சொல்லவே.

மாநாடு நடந்தது மொஸ்கோனி மண்டபத்தில். அதன் பெரிய கூடங்கள் நிலத்துக்குக் கீழே இருக்கின்றன. நகரும் படிகளில் இறங்க இறங்க வெயில் போய் மின்வெளிச்சம் வருகிறது. வாசலுக்கு வாசல் ஒருவர் நின்று கழுத்தில் தொங்கும் அட்டையைக் கருவியால் தட்டிப் பார்க்கிறார். அட்டையில் பல சாதிகள் உண்டு. எல்லா உரைகளுக்கும் போகக்கூடிய அட்டை அந்த வருடம் இரண்டாயிரம் டொலருக்கு மேல். எம்மிடம் இருந்தது கண்காட்சியை மட்டும் பார்க்கும் அட்டை. ஆகக் கீழ்ச்சாதி. இரண்டு இடங்களில் மரியாதையாகத் திருப்பி அனுப்பப்பட்டோம். கோபம் வரவில்லை. திருப்பி அனுப்பப்படுவதில் எமக்கு நீண்ட பயிற்சி உண்டு.

எமது அட்டைக்கும் திறந்திருந்த விளக்கவுரைகளிலும், நடைபாதைப் பேச்சுக்களிலும் ஒரு சொல் ஓயாமல் காதில் விழுந்தது: தெரிவு. நாவலில் வாசகர் வெறும் பார்வையாளர், சினிமாவிலும் அப்படியே, விளையாட்டில் மட்டும்தான் ஆடுபவர் தாமே முடிவெடுக்கிறார், அந்தத் தெரிவு எவ்வளவு பெருகுகிறதோ அவ்வளவுக்கு விளையாட்டு உயர்கிறது. இதுதான் அங்கே கிட்டத்தட்ட ஒரு மதம் என்று எமக்குப் பட்டது. இளைஞரொருவர் தமது விளையாட்டில் எத்தனை முடிவுகள் இருக்கின்றன என்று ஒரு தகப்பன் பிள்ளைகளின் எண்ணிக்கையைச் சொல்வதுபோலச் சொன்னார். கேட்டுக்கொண்டு நின்ற எமக்குச் சங்கடமாயிருந்தது. எமது சீவியத்தின் பெரிய திருப்பங்கள் எதிலும் நாம் தெரிவு செய்ததாக ஞாபகமில்லை. யாரோ மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தெரிவு செய்தார்கள்.

இந்த இடத்தில்தான் இரண்டு விளையாட்டுக்களைப் பற்றிப் பேசவேண்டியிருக்கிறது. இம்மாநாட்டோடு சேர்ந்து சுயாதீன விளையாட்டுக்களுக்கான விழாவொன்றும் நடைபெறும். அதில் ஷேமஸ் மக்னலி பெயரிலான பெரும் பரிசு முதன்மையானது. 2014 இல் அதைப் பெற்றது 'பேப்பர்ஸ், ப்ளீஸ்'. பத்து வருடங்கள் கழித்து, நாம் போயிருந்த 2024 இல் அதைப் பெற்றது 'வெண்பா'. முதலாவது, எல்லைக் காவலரணில் கடவுச்சீட்டுப் பார்க்கும் அதிகாரியின் கதை. இரண்டாவது, கனடாவுக்கு வந்த தமிழ்க் குடும்பமொன்றின் சமையலறைக் கதை. பரிசளித்தவர்கள் இவ்விரண்டையும் சேர்த்து நினைத்திருக்கமாட்டார்கள். எமக்கோ பிரித்து நினைப்பது சிரமமாக இருந்தது.

'பேப்பர்ஸ், ப்ளீஸ்' லூக்காஸ் போப் என்ற அமெரிக்கர் யப்பானில் வசித்த காலத்தில் பெரும்பாலும் தனியாளாகச் செய்து 2013 இல் வெளியிட்டது. ஆர்ஸ்டொட்ஸ்கா என்பது கற்பனை நாடு, காலம் 1982. ஆடுபவருக்கு அதிர்ஷ்டச் சீட்டில் வேலை விழுகிறது: எல்லையில் ஒரு சிறு கூடு, ஒரு மேசை, ஒரு பச்சை முத்திரை, ஒரு சிவப்பு முத்திரை. வரிசையில் நிற்பவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட வேண்டும். படம், பெயர், பிறந்த திகதி, பால், காலாவதித் திகதி, அனுமதிப் பத்திரம் எல்லாம் சரிபார்க்க வேண்டும். ஒருவரை ஒழுங்காக முடித்தால் 5 காசு. நாளொன்றுக்கு இரண்டு பிழைவரை எச்சரிக்கை மட்டும். மூன்றாவதிலிருந்து காசு வெட்டப்படும். மாலையில் வாடகை, சாப்பாடு, வீட்டைச் சூடாக்கும் செலவு. வீட்டில் மனைவி, மகன், மாமி, மாமா என்று நாலு வயிறு. விதிகள் நாளுக்கு நாள் மாறும். பத்திரங்கள் கூடிக்கொண்டே போகும்.

விடுதியறையில் மருமகளின் மடிக்கணனியில் இதை ஆடினோம். வெட்கத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: இந்த வேலையில் நாம் கெட்டிக்காரராயிருந்தோம். எந்தத் திகதியை முதலில் பார்க்கவேண்டும், படத்துக்கும் முகத்துக்கும் இடையில் எங்கே கண் போகவேண்டும், முத்திரையில் எந்த எழுத்துப் பிசகும் என்பதெல்லாம் எமக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. முப்பத்தைந்து வருடமாக மேசைக்கு இந்தப் பக்கத்தில் நின்று அந்தப் பக்கத்துக் கண்களையே பார்த்துப் பழகியதில் வந்த அறிவு அது.

ஐந்தாம் நாள் ஒரு புருஷனும் மனைவியும் வருகிறார்கள். புருஷனின் பத்திரங்கள் சரி. அடுத்ததாக வருகிற மனைவியிடம் இரக்கம் காட்டும்படி கேட்டுவிட்டு உள்ளே போகிறார். மனைவியிடம் நுழைவு அனுமதி இல்லை. திருப்பியனுப்பினால் கொன்றுவிடுவார்கள் என்கிறார். அன்றைய எமது இரண்டு எச்சரிக்கைகளும் அதற்கு முன்பே முடிந்துவிட்டிருந்தன. நாம் சிவப்பைக் குத்தினோம். யோசித்துக் குத்தியதாகச் சொன்னால் அது பொய். அடுத்த ஆளைக் கூப்பிட நேரம் போகிறதே என்ற பதற்றத்தில் கை போய்விட்டது.

"எல்லாரும் முதல் தரம் அப்பிடித்தான் செய்யிறவை, மாமா" என்றாள் மருமகள் ஆறுதலாக.

எல்லாரும் செய்யலாம். நாம் செய்திருக்கக்கூடாது. எமது முதலாவது விசாரணையில் கைதான திகதியை ஒன்றாகவும், இரண்டாவது விசாரணையில் வேறொன்றாகவும் சொன்னோம். நாலு நாள் வித்தியாசம். நிராகரிப்புக் கடிதத்தில் அந்த நாலு நாளுக்கென்று தனியாக ஒரு பந்தி ஒதுக்கப்பட்டிருந்தது. போப்பின் விளையாட்டில் இதற்கென்றே ஒரு கருவி உண்டு: முரண்படும் இரண்டு விபரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டால் அவற்றுக்கிடையே கோடு விழும்; விசாரிக்கும் பொத்தான் வரும். அந்தக் கோடு விழும்போது ஆடுபவருக்கு ஒரு சிறு திருப்தி உண்டாகிறது. கண்டுபிடித்துவிட்டோம் என்ற திருப்தி. எமது விசாரணை அதிகாரியின் முகத்திலும் அன்று அதுதான் இருந்திருக்க வேண்டும். அது வன்மம் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தோம். புதிரை அவிழ்த்தவரின் திருப்தியும் அப்படித்தான் தோன்றும் என்பது இந்த விளையாட்டை ஆடியபோதுதான் விளங்கிற்று.

இதுவே இப்படைப்பின் பலம். அகதியின் மேல் அனுதாபம் கொள்ளச் சொல்லி இது எவரையும் கெஞ்சவில்லை. நல்ல மனிதரொருவர் வாடகைக்காகவும் பிள்ளையின் மருந்துக்காகவும் எப்படிச் சிவப்பைக் குத்துகிறார் என்பதை அவருடைய கையாகவே இருந்து அறியச் செய்கிறது. இரக்கம் என்பது நாளொன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் வழங்கப்படும் ஒரு பங்கீட்டுப் பொருளாகிவிடுவதை நாவலிலும் எழுதலாம்தான். ஆனால் அந்தப் பங்கீட்டை வாசகரே செலவழித்து முடித்துவிட்டு ஒரு பெண்ணின் முகத்தைப் பார்க்கும்படி நாவல் செய்யமுடியாது. இவ்வடிவத்தைக் கலையல்ல என்று சொல்லி வந்த எமது வாய் இந்த இடத்தில் அடைத்துப்போயிற்று.

எனினும் விமர்சனமும் இங்கேதான் தொடங்கவேண்டும். இந்த விளையாட்டில் கடந்துபோன எந்த நாளிலிருந்தும் திரும்ப ஆரம்பிக்கலாம். நாமும் ஐந்தாம் நாளுக்குத் திரும்பிப்போய், எச்சரிக்கையொன்றை மிச்சம்பிடித்து வைத்து, அந்தப் பெண்ணுக்குப் பச்சை குத்தினோம். மனம் ஆறியது. அப்படி ஆறியதுதான் பிழை. ஆடுபவருக்கு இருபது முடிவுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் அதிகாரி தாமே கள்ளக் கடவுச்சீட்டோடு குடும்பத்தை அழைத்துக்கொண்டு அயல் நாட்டுக்குத் தப்புகிறார். ஆழமான திருப்பம்தான். ஆனால் யன்னலுக்கு அந்தப் பக்கத்தில் நிற்பவருக்கு ஒரு முடிவுகூட இல்லை. சிவப்புக் குத்தியதும் அவர் வந்த வழியே திரும்பி நடந்து திரையின் ஓரத்தில் மறைகிறார். அதற்குப் பிறகு அவர் எங்கே போனார்? விளையாட்டுக்கு அது தெரியாது. அதிகாரிக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் நாம்தான்.

'வெண்பா' அந்த 'பிறகு' பற்றியது. ரொறன்ரோவிலுள்ள விசை கேம்ஸ் என்ற சிறு குழு 2023 யூலையில் வெளியிட்ட இவ்விளையாட்டில் எல்லை இல்லை, அதிகாரி இல்லை, முத்திரை இல்லை. தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்கு வந்த வெண்பா, புருஷன் பாவலன், பிறக்கப்போகும் மகன் கவின். கதை 1988 இல் தொடங்குகிறது. வெண்பாவிடம் தாயின் சமையல் குறிப்புப் புத்தகம் இருக்கிறது. அது கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. ஆடுபவர் செய்யவேண்டியது, விடுபட்ட வரிகளை ஊகித்து இட்டலியோ புட்டோ செய்து முடிப்பது. இட்டலித் தட்டுக்களை ஆவி போகும்படி எப்படி அடுக்குவது என்பதுதான் இங்கே புதிர். சமைக்கும்போது வானொலியில் அந்தந்தக் காலத்துத் தமிழ்ச் சினிமாப் பாட்டின் சாயலில் ஒரு பாட்டுப் போகும். மகன் வளர்கிறான். பள்ளிக்கூடத்தில் கவின், 'கெவின்' ஆகிறான். தமிழில் கேட்டதற்கு ஆங்கிலத்தில் பதில் வருகிறது. பின்னொரு காலத்தில் அவனே தாயின் குறிப்புக்களைத் தட்டுத்தடுமாறி வாசித்துச் சமைக்கிறான்.

இவ்விளையாட்டு ஒன்றரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். உரையாடலில் ஆங்காங்கே ஒரு பதிலைத் தெரியலாம். ஆயினும் கதை மாறாது. சமையலில் பிழைவிட்டால் திரும்பச் செய்யலாம், தண்டனை இல்லை. தெரிவையே அளவுகோலாக வைத்துப் பார்த்தால் இதுவொரு குறைபாடு. எமக்கோ இதுவே உண்மைக்குக் கிட்டவாகப் பட்டது. மகன் தாயிடமிருந்து விலகிப்போவதை ஆடுபவரால் தடுக்கமுடியாது. பார்த்துக்கொண்டிருக்க மட்டுமே முடியும். புலம்பெயர்ந்த பெற்றோருக்குத் தெரிந்த நிலைமைதான் இது. புட்டை எப்படி அவிப்பது என்பது மட்டும்தான் அவர்கள் கையில் இருக்கிறது.

ஆனால் இங்கும் நாம் முகத்தாட்சண்யம் பார்க்கக்கூடாது. தமிழ்ப் பெயருடன் ஒரு படைப்புப் பெரும் பரிசு பெற்றதும் அதை எங்கள் கதை என்று கொண்டாடும் ஆர்வம் எம்மவரிடம் உடனே எழுந்தது. அது எங்கள் கதையல்ல. வெண்பாவும் பாவலனும் விமானத்தில் வந்தவர்கள். திரும்பிப்போவோமா என்பது அவர்களுக்கு உண்மையான ஒரு கேள்வி. அதே 1988 இல் யாழ்ப்பாணத்தில் இந்திய இராணுவம் நின்றது. எம்மிற் பலருக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. எமது தாய்மாரின் சமையல் குறிப்புக்கள் கிழிந்துபோகவில்லை; வீட்டோடு எரிந்தன, அல்லது எழுதப்படவேயில்லை. வேறொன்றும் சொல்லவேண்டும். தலைப்பு வெண்பாவின் பெயராக இருந்தும் அவளை நாம் பெரும்பாலும் சமையலறையிலேயே சந்திக்கிறோம். பண்பாட்டைக் காக்கும் பொறுப்பை அடுப்படியில் நிற்கும் பெண்ணின் தலையில் வைத்துவிட்டு, அவள் களைத்துப்போனதைப் பார்த்து மகனைக் குற்றவுணர்வு கொள்ளச்செய்வது எமது சிறுகதைகளில் முப்பது வருடமாக நாம் செய்துவருகிற வேலை. இந்த இளைஞர்கள் அதை எம்மைவிட நுட்பமாகச் செய்திருக்கிறார்கள். வேறுவிதமாகச் செய்யவில்லை.

இவ்விரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கையில் ஒன்று தெளிவாகிறது. தெரிவின் பெருமையைப் பேசும் ஒரு மாநாடு, பத்து வருட இடைவெளியில் பெரும் பரிசு கொடுத்த இந்த இரண்டிலும் தெரிவு சுருங்கிப்போயிருக்கிறது. ஒன்றில் அது நஞ்சாகியிருக்கிறது. மற்றதில் அது இல்லை. அந்தத் தொழிலின் நல்ல கலைஞர்களுக்குத் தமது மதத்தின் மேல் சந்தேகம் இருக்கிறது என்றே இதற்கு அர்த்தம்.

சந்தேகம் வருவதற்கு வேறு காரணமும் இருந்தது. 2024 தை மாதத்தில் மாநாட்டுக்காரரே வெளியிட்ட தொழில் நிலவர ஆய்வில், முந்திய 12 மாதங்களில் வேலைநீக்கத்தால் தாமோ தம்மோடு வேலைசெய்தவர்களோ பாதிக்கப்பட்டதாக 35 வீதமானோர் சொல்லியிருந்தனர். அந்த வாரத்தில் ஒரு பகல், மண்டபத்துக்கு மேலேயுள்ள யெர்பா புவெனா தோட்டத்தில் உருவாக்குநர்கள் பலர் கூடி நின்று ஒரே நேரத்தில் வாய்விட்டுக் கத்தினார்கள். கோஷமில்லை, கோரிக்கையில்லை; வெறும் கத்தல். மருமகளும் போய் நின்று கத்தினாள். பக்கத்தில் நின்ற எமக்குச் செத்தவீட்டு வாசலில் பெண்கள் கட்டிப்பிடித்து எடுக்கும் ஒப்பாரிதான் நினைவுக்கு வந்தது. அதில் சொற்கள் இருக்கும். இவர்களிடம் அதற்குச் சொற்கள் இல்லை. ஆடுபவர்களுக்கு ஆயிரம் தெரிவுகளை எழுதிக்கொடுத்தவர்களுக்குத் தமது வேலையைப் பற்றி ஒரு தெரிவும் இருக்கவில்லை.

அவர்கள் கத்திய நிலத்துக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. ஒருகாலத்தில் அது வயோதிபத் தொழிலாளர்கள் தனியறைகளில் குடியிருந்த மலிவு விடுதிகளின் பகுதி. நகரைப் புதுப்பிக்கும் திட்டத்துக்காக 1960 களிலும் 70 களிலும் சுமார் 4000 பேர் அங்கிருந்து அகற்றப்பட்டார்கள். 1969 இல் அவர்கள் சங்கம் அமைத்து வழக்குப் போட்டு, மாற்று வீடுகள் சிலவற்றையேனும் பெற்றார்கள். 1981 இல் மண்டபம் திறக்கப்பட்டது. பின்னர் மேலே புல்லும் நீர்வீழ்ச்சியும் வந்தன. இடம்பெயர்க்கப்பட்டவர்களின் நிலத்தில் வேலையிழந்தவர்கள் நின்று கத்துவதை இடம்பெயர்ந்த நாம் பார்த்துக்கொண்டு நின்றோம். வெளியாள் என்ற எண்ணம் அந்த அரைமணி நேரம் எமக்கு இருக்கவில்லை.

கடைசி நாள் இரவு மருமகள் தன் மனதிலுள்ளதைச் சொன்னாள். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தானாக ஒரு சிறு விளையாட்டுச் செய்யப்போகிறாளாம். அதே விசாரணை அறை, அதே மேசை. ஆனால் ஆடுபவர் இருப்பது மற்றக் கதிரையில்.

நாம் மறுத்தோம். "ஆடுற ஆள் சரியான பதில் எதெண்டு ரெண்டாம் தரம் கண்டுபிடிச்சிடுவார். பிறகு அகதியெண்டால் கெட்டிக்காரத்தனமாப் பதில் சொல்லுறவன் எண்டு ஆகிடும். அவையள் எங்களைப் பற்றிச் சொன்னதும் அதுதானே" என்றோம்.

"இல்லை மாமா. அதில சரியான பதில் எண்டு ஒண்டு இல்லை. நீங்கள் எந்தத் திகதியைச் சொன்னாலும் மற்றதைப் பற்றித்தான் கேப்பினம்."

அதற்கு எம்மிடம் பதில் இருக்கவில்லை. அப்படியொரு விளையாட்டை எவர் காசு கொடுத்து வாங்குவார், எந்த நிறுவனம் அதற்கு மேசை கொடுக்கும் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எமது கதைகளை எவர் வாங்குவார் என்று எண்ணியா நாம் இத்தனை வருடமும் சஞ்சிகை போட்டோம்?

கொஞ்ச நேரம் கழித்து அவள் ஒரு கடதாசியை நீட்டினாள். "நீங்கள் சொன்ன அந்தத் திகதியை எழுதித் தாங்கோ மாமா."

இரண்டையும் எழுதிக் கொடுத்தோம்.